ஆளணிப் பட்டியலில் உள்ள ஆசிரியரை வகுப்பறைக்கு அனுப்புங்கள்

மாகாணக் கல்வித்துறை உயரதிகாரிகளுக்கு,

வணக்கம். வன்னியின் உட்கிராமம் ஒன்றில், பதினோராம் தரம் வரையுள்ள பாடசாலையின் பெற்றோர் சார்பில் எழுதுகிறேன். எங்கள் கணித ஆசிரியர் சென்ற தவணையில் ‘தற்காலிக இணைப்பு’ என்ற பெயரில் நகரப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டதும், பதிலாள் எவரும் வராததும் தாங்கள் அறிந்தவையே. அவருடைய பெயர் இன்னும் எங்கள் ஆளணியிலேயே, அதாவது எங்கள் பாடசாலைக்குரிய ஆசிரியர் பட்டியலிலேயே, இருப்பதால் கோப்பின்படி இங்கு வெற்றிடமில்லை. வெற்றிடமில்லாத பாடசாலைக்குப் புதிய நியமனமும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பதினோராம் தரத்துக்கு இப்போது கணிதம் எடுப்பவர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கடந்தகால வினாத்தாள்களை முதல்நாள் இரவு தாமே செய்துபார்த்து, மறுநாள் கரும்பலகையில் எழுதுகிறார். திரிகோணகணிதத்தை மட்டும், பிழையாகச் சொல்லிக்கொடுக்க மனமில்லை என்று ஒதுக்கிவைத்திருக்கிறார். அந்த நேர்மைக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் சாதாரண தரப் பரீட்சை அந்த அலகை ஒதுக்கிவைக்காது. நகரத்துப் பிள்ளைக்குப் பாடசாலையில் விட்டது ரியூசனிலாவது கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை.

நகரத்துக்குப் போகும் ஆசிரியர்களை நான் குறைகூறவில்லை. தங்குவதற்கு விடுதியில்லாத ஊரில், காலைப் பேருந்தை நம்பி எத்தனை ஆண்டுதான் அவர்கள் ஓடுவார்கள்? பதிலாள் இன்றி விடுவிக்கும் கையொப்பத்தையே நாங்கள் கேள்வி கேட்கிறோம்.

பெறுபேறு குறைந்தால் அதிபரிடம் விளக்கம் கோரும் கடிதம் மட்டும் தாமதமின்றி வந்துவிடுகிறது. பல்கலைக்கழக அனுமதியில், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீத இடங்களை ஒதுக்கி, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகியவற்றை அதில் சேர்த்திருக்கிறது அரசு. பல்கலைக்கழக வாசலில் கைகொடுக்கும் அதே அரசு, அந்த வாசல்வரை பிள்ளை வந்துசேர ஆறாம் தரத்திலேயே ஒரு கணித ஆசிரியரைத் தர மறப்பது விந்தையான கருணைதான்.

வார்த்தை சற்றுத் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். பதிலாள் கடமையேற்கும்வரை எந்தக் கஷ்டப் பிரதேச ஆசிரியரையும் விடுவிக்காதீர்கள். ஏற்கெனவே வழங்கிய தற்காலிக இணைப்புகளை இரத்துச் செய்யுங்கள், அல்லது அவற்றை நிரந்தர இடமாற்றமாக்கி எங்கள் வெற்றிடத்தை வெற்றிடமென்றே பதியுங்கள். அடுத்த தவணை தொடங்குமுன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர் ஒருவர்