இழுத்து அறுக்க விடாதீர்கள்: மட்டக்களப்பு, அம்பாறை தச்சுப் பட்டறை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த முதலாளிமாரே, வேலை பழக்கும் மூத்த ஆசாரிமாரே, வணக்கம்.

வாழைச்சேனை முதல் அக்கரைப்பற்று வரை கதவு, யன்னல், கட்டில் செய்யும் பட்டறைகள் பலவற்றில் சிலைடிங் மைற்றர் வாள், அதாவது தலை முன்னும் பின்னும் சறுக்கி மரத்தைக் குறுக்கே நேராகவோ சாய்வாகவோ அறுக்கும் மின்வாள், ஓடுகிறது. அதில் கை வைக்கும் தம்பிமாருக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: அறுக்கும்போது வாளைத் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது.

பிளேட்டின் அடிப்பற்கள் ஆளிடமிருந்து விலகி, மரம் சாய்ந்து நிற்கும் பின்தடுப்பை நோக்கி ஓடுகின்றன. தள்ளினால் மரம் தடுப்போடு அழுந்தும். இழுத்தாலோ பற்கள் மரத்தின்மேல் ஏறி, பிளேட்டும் மோட்டாரும் உள்ள வாள்தலை ஆளை நோக்கிப் பாய்ந்து வரும். அதனால் தலையை உயர்த்திய நிலையில் முழுதாக முன்னே கொண்டுவந்து, சுவிட்சை அழுத்தி, முழு வேகம் வந்த பிறகு இறக்கி, மெதுவாகப் பின்னே தள்ள வேண்டும். அறுத்து முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேட் நிற்கும்வரை தலையைக் கீழேயே பிடித்திருக்க வேண்டும். ஓடும் பிளேட்டைத் தூக்கினால் அருகில் கிடக்கும் சிறு துண்டு தெறிக்கும்.

வாளின் மேசையைத் திருப்பிச் சாய்வாக அறுக்கும்போது ஆபத்து கூடுகிறது. வெட்டுவிசை குறுக்கே விழுவதால் மரம் தடுப்பின் வழியே நகரப் பார்க்கும். விரல் பிடி போதாது, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட வேண்டும். வாள் இடப்பக்கம் திரும்பினால் மரத்தைப் பிடித்த இடக்கையின் பக்கமாகவே வெளியே வரும். பிளேட் போகும் பாதையிலிருந்து கை 150 மில்லிமீற்றராவது தள்ளி இருக்கட்டும். கைகளைக் குறுக்கே போட்டுப் பிடிக்கவே கூடாது. கைக்கு அந்த இடைவெளி கிடைக்காத குட்டைத் துண்டைக் கைவாளால் அறுப்பதே மேல்.

பிளேட்டையே சரித்து அறுப்பதானால் பிளக்கைக் கழற்றி, தடுப்பின் மேற்பகுதியை ஒதுக்கி, தலையை ஒருமுறை முழுதாக இறக்கித் தள்ளிப் பாருங்கள். எங்கும் முட்டாவிட்டால் மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

முதிரை, பாலை போன்ற வைரமரங்களுக்கு அவசரம் ஆகாது. 255 மில்லிமீற்றர் வாளுக்கு 60 பல் பிளேட் நல்லது; பற்கள் முன்னே சாயாமல் நேராகவோ சற்றுப் பின்சாய்ந்தோ இருக்க வேண்டும். நெடுக்குக் கிழிக்கும் 24 பல் பிளேட் மரத்தைக் கவ்வி இழுக்கும். வளைந்த பலகையின் புடைத்த பக்கத்தைத் தடுப்போடு வையுங்கள். மாற்றி வைத்தால் வெட்டுவாய் மூடிப் பிளேட்டை இறுக்கும். பழைய வீட்டு மரமானால் முதலில் ஆணியைத் தேடுங்கள்.

கோணம் பிசகினால் வேலையும் கெடும். ஒரு சட்டத்தின் நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகினால் மொத்தம் 4 பாகை இடைவெளி. இரண்டு கழிவுத் துண்டுகளை 45 பாகையில் அறுத்து, சேர்த்து மூலைமட்டத்தில் பார்த்துவிட்டே நல்ல மரத்தைத் தொடுங்கள். கடற்காற்றில் சறுக்குத் தண்டுகள் துருப்பிடித்தால் வாள் இடையில் சிக்கிச் சிக்கி நகரும். நாளும் துடைக்க வேண்டும்.

கையுறை, தொங்கும் சட்டைக்கை, மோதிரம் வேண்டாம். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் தூசு முகமூடியும் கட்டாயம்.

பிளேட்டின் காப்பு மூடியைக் கம்பியால் கட்டி மேலே நிறுத்தி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றே அவிழ்த்துவிடுங்கள். இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களை மறைத்துக் காப்பது, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உங்கள்மீது சுமத்தும் கடமை. மூடி தானாக இறங்கி மூடாத வாளைத் திருத்தும்வரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.