தார் மூடிய குடிநீர் வால்வைக் கருவி வைத்துக் கண்டுபிடித்துத் தரக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: மேட்டுத் தெரு குடியிருப்போர் சார்பாக, ஓய்வுபெற்ற தொலைபேசி கேபிள் ஜாயின்டர்.

பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள், குடிநீர்ப் பிரிவு.

பார்வை: தை மாதமும் பங்குனி மாதமும் நேரில் கொடுத்த மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரிசி மில் முக்கிலிருந்து பெருமாள் கோவில் வரை எங்கள் தெரு தாங்கள் பலமுறை வந்து பார்த்த இடம்தான்.

1. ரோடு போட்டபோது கோவில் பக்கத்து வால்வின் இரும்பு மூடி தாருக்கு அடியில் போய்விட்டது. வால்வு அப்போது பாதி அடைத்திருந்தது. அன்றிலிருந்து கடைசி 23 வீடுகளுக்குத் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது.

2. அதைத் தேடி ஆறு இடத்தில் தோண்டினார்கள். எல்லாம் கண் மதிப்புதான். மூன்றாவது குழியில் மின் கேபிள் அறுந்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. ஐந்தாவதில் இரண்டு வீட்டு இணைப்பு உடைந்தது. வால்வு மட்டும் கிடைக்கவில்லை.

3. தண்ணீர் மேலே ஏறாததால் வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு குழி வெட்டி, குழாயைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலை 3 மணிக்குத் தண்ணீர். என் மனைவிக்கு 63 வயது, முட்டி வலி. அவள்தான் குழிக்குள் இறங்கிச் செம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்றுகிறாள். என் இடுப்பு வளையாது, மேலே நின்று குடத்தை வாங்குகிறேன். ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம். நாலாவது குடத்தில் நின்றுவிடும். போன வாரம் மழையில் சாக்கடை குழிக்குள் இறங்கிக் குழாய் வாயை மூடிவிட்டது. சேற்றை வாரி வெளியே கொட்டிவிட்டு அதே குழாயில்தான் பிடித்தோம். வேறு எங்கே போவது? மன்னிக்க வேண்டும் ஐயா, தங்கள் வீட்டு அம்மா அந்தக் குழிக்குள் ஒருநாள் இறங்குவார்களா? கேட்காமல் இருக்க முடியவில்லை.

4. இதற்குத் தோண்டவே வேண்டாம். 31 வருடம் நான் பார்த்த வேலை இது. இரும்பு மூடியைக் காட்ட லொக்கேட்டர் கருவி இருக்கிறது, தார் அதற்குத் தடையே இல்லை. சாக்கடை மூடிக் கம்பிக்கும் கருவி சத்தம் போடும்தான். அதனால் குழாய் போகும் பாதையையும் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஓடுவது ஈய ஜாயின்ட் போட்ட பழைய வார்ப்பிரும்புக் குழாய். பிவிசி என்றால் சிக்னல் ஏறாது, இதில் ஏறும். அரிசி மில் முக்கு வால்வு வெளியே தெரிகிறது. அதில் சிக்னல் ஏற்றும் டிரான்ஸ்மிட்டரை மாட்டிவிட்டு, அதைப் பிடித்துச் சத்தமாகத் தரும் ரிசீவரோடு நடந்தால் போதும். ரிசீவரில் உள்ள கம்பிச் சுருளை, அதாவது காயிலைச் செங்குத்தாகப் பிடித்தால் குழாய்க்கு நேர் மேலே சத்தம் அடங்கும், இரண்டு பக்கமும் கேட்கும். அங்கிருந்து காயிலை 45 டிகிரி சாய்த்துப் பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி சத்தம் அடங்கும் இடம்வரை அளந்தால் அந்தத் தூரமே ஆழம். மின்சாரம் ஓடும் கேபிளை அதன் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வைத்தே கண்டுபிடிக்கலாம். மூன்றாவது குழிக்கு முன் பார்த்திருந்தால் அந்தக் கேபிள் அறுந்திருக்காது.

5. தோண்டுவதற்கு முன் தெரிவிக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் செயலியே கொண்டுவந்தது. எங்கள் தெருவில் யார் யாருக்குத் தெரிவித்தார்கள்?

6. கருவி அலுவலகத்தில் இல்லையென்றால் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். ஆறு குழிக்கு ஆன கூலியையும், வெட்டி ஒட்டிய ரோட்டையும் கணக்குப் பாருங்கள் ஐயா!

ஏழாவது குழி வேண்டாம். கருவியோடு ஒரு ஆளை அனுப்புங்கள். பழைய வால்வு இருந்த இடத்தை நானே கூட நடந்து காட்டுகிறேன். பகலில் முடியாதென்றால் தண்ணீர் விடும் நாளில் விடியற்காலை 3 மணிக்கு வரட்டும், நாங்கள் எல்லோரும் வாசலில்தான் இருப்போம். தயவுசெய்து அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
மேட்டுத் தெரு குடியிருப்போர்
(23 வீட்டார் கையொப்பம் இணைப்பு)