யாருடைய ஏழு மணி?

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகின்றன. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது செய்தித்தாளைத் தானே வாசிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். உன் புதிய வேலையும், மாலை வகுப்புகளும், சின்னவளின் நீச்சல் பயிற்சியும் சேர்ந்து உன் வாரத்தை எப்படி நெருக்குகின்றன என்று புரிகிறது. "நீ டெர்மினலிலேயே, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் அந்தத் திரையிலேயே, நாட்காட்டி வைத்திருக்கிறாயாமே, எப்படி அமைத்தாய்? விவரமாக எழுது" என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு மன்னிப்பு.

மார்ச் கடைசி ஞாயிறு, உன் ஊர் ஏழு மணிக்கு வரவேண்டிய நம் வாராந்தர அழைப்புக்காக, நீ ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனாய். நான் அழைத்தபோது நீ இல்லை. என்னவோ வேலை வந்துவிட்டது என்று நானும், நான் மறந்துவிட்டேன் என்று நீயும் நினைத்துக்கொண்டோம். இருவர் நினைத்ததும் தவறு. என் பழைய ஃபோன் செயலியில் நம் அழைப்பைப் பதிந்து வைத்திருந்தேன் அல்லவா, அதைக் கோப்பாக வெளியே எடுத்து ஓர் உரைத்திருத்தியில் திறந்து பார்த்தேன். தொடங்கும் நேரத்தைச் சொல்லும் வரியின் கடைசியில் 'இசட்' என்று ஓர் எழுத்து நின்றது. அந்த ஒற்றை எழுத்துக்கு, 'இது உலகப் பொது நேரம்' என்று பொருள். பொது நேரம் எந்த ஊர்க் கடிகாரத்துக்காகவும் நகராது. உன் நாட்டில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபோது உன் ஏழு மணி நகர்ந்துவிட்டது. என் பதிவு இருந்த இடத்திலேயே இருந்தது. நான் சரியாக உன் எட்டு மணிக்கு அழைத்திருக்கிறேன்.

கோப்பைத் திறந்து பார்க்க முடிந்ததால்தான் இது தெரிந்தது. நாட்காட்டியை டெர்மினலுக்கு மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வேகமாகத் தட்டச்சு செய்யலாம் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். என் நாட்கள் எந்த வடிவில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன என்பதை என் கண்ணால் படிக்க முடிய வேண்டும்.

டெர்மினலில் நாட்காட்டி என்றதும் உனக்கு அந்தப் பழைய 'கேல்' கட்டளை நினைவுக்கு வரும். கல்லூரி ஆய்வகத்தில் 1752 செப்டம்பரைக் கேட்டு, 2ஆம் தேதிக்கு அடுத்து 14 வந்து நின்றதைப் பார்த்து நாம் இருவரும் கணினி பழுதாகிவிட்டது என்று பயந்தோமே! ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரெகோரியனுக்குப் பிரிட்டன் மாறிய மாதம் அது. நடுவே 11 நாட்களை விட்டுவிட்டார்கள். ஆனால் 'கேல்' கட்டங்களை மட்டுமே காட்டும், நம் நிகழ்வுகளை அறியாது. நான் பயன்படுத்துவது 'கால்'. ஆங்கிலத்தில் கே, எச், ஏ, எல் என்று நான்கு எழுத்துகள். பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். 'கால்கர்ஸ்', 'ரிமைண்ட்' என்ற வேறு இரண்டு நாட்காட்டி நிரல்களையும்கூடச் சில நாட்கள் வைத்துப் பார்த்தேன். ரிமைண்டின் திறமை வியக்க வைப்பது, ஆனால் அதற்கென்று தனி எழுத்துமுறை இருக்கிறது. 'கால்' பயன்படுத்துவதோ ஐகேலண்டர் வடிவம். 1998இல் வகுக்கப்பட்டு, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்ற ஆவணமாகத் திருத்தி எழுதப்பட்ட பொதுத்தரம் அது. நாளைக்கு 'கால்' இல்லாமல் போனாலும் கோப்புகளை வேறு எந்தச் செயலியும் படித்துக்கொள்ளும்.

நிறுவுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மென்பொருள்களை நிறுவித் தரும் உன் இயங்குதளத்தின் தொகுப்பு மேலாளரிலேயே கிடைக்கும். நிறுவியதும் 'கால் கான்ஃபிகர்' என்று கொடு. சில கேள்விகள் கேட்டு ஓர் அமைவுக் கோப்பை எழுதித் தரும். உன் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி வைத்த 'கான்ஃபிக்', அதற்குள் 'கால்', அதற்குள் 'கான்ஃபிக்' என்ற பெயரில் அந்தக் கோப்பு இருக்கும். அதோடு நிறுத்திவிடாதே, திறந்து படி. மூன்றே பகுதிகள்தான்: நாட்காட்டிகள், வட்டார வழக்கு, இயல்பிருப்பு.

நாட்காட்டிகள் பகுதியில் ஒவ்வொரு நாட்காட்டிக்கும் இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயர், அதன் கீழே அது இருக்கும் ஃபோல்டரின் பாதை, ஒரு நிறம். நான் வீட்டுக்குப் பச்சை, வேலைக்கு நீலம், நமக்கென்று ஒரு மஞ்சள் வைத்திருக்கிறேன். அலுவலகம் அனுப்பும் விடுமுறைப் பட்டியலுக்கு 'ரீட்ஒன்லி' என்று கொடுத்திருப்பதால் கை தவறி அதில் எதையும் எழுதிவிட முடியாது. 'பர்த்டேஸ்' என்று ஒரு வகையும் உண்டு. தொடர்பு அட்டைகள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் அவற்றிலுள்ள பிறந்தநாட்களைத் தானாக எடுத்துக்கொள்ளும். உன் பிறந்தநாளை நான் தனியாகப் பதியவே இல்லை, உன் அட்டையிலிருந்தே வந்துவிட்டது.

வட்டார வழக்குப் பகுதியில் மட்டும் அவசரப்படாதே. முதலில் தேதியின் வரிசை. நாம் நாளை முன்னால் எழுதிப் பழகியவர்கள். உன் கணினி வந்த நாட்டில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 05/06 என்றால் ஜூன் ஐந்தா, மே ஆறா? நீ எதுவும் சொல்லாவிட்டால் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து 'கால்' தானே முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவை அதனிடம் விடாதே. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை நான் எல்லா இடத்திலும் எழுதி வைத்துவிட்டேன். யார் படித்தாலும் குழப்பமில்லை. எழுதும்போது ஒன்றைக் கவனி: சதவீதக் குறிக்குப் பின் சிறிய 'எம்' வந்தால் மாதம், பெரிய 'எம்' வந்தால் நிமிடம். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதே. வாரம் எந்தக் கிழமையில் தொடங்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் கேட்கும். 0 என்றால் திங்கள், 6 என்றால் ஞாயிறு.

அடுத்து நேர மண்டலம். நம் ஞாயிறு இதில்தான் தவறிப்போனது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இங்கே இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் எந்த மண்டலத்தின் நேரத்தில் திரையில் காட்ட வேண்டும் என்பது. மற்றொன்று, புதிதாக எழுதும் நிகழ்வுகள் எந்த மண்டலத்தைச் சேர்ந்தவை என்பது. வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பயணத்தில் இருக்கும்போது முதலாவதை மட்டும் மாற்றினால் போதும். எழுதியவை எழுதியபடியே இருக்க, காட்டும் நேரம் மட்டும் மாறும். மண்டலத்தின் பெயரைக் கண்டம், சாய்கோடு, நகரம் என்ற வடிவில் கொடு. பொது நேரத்துக்கு எத்தனை மணி முன்னே என்று வெறும் கூட்டல் எண்ணாகக் கணக்கு வைத்துக்கொள்ளாதே. கூட்டல் எண்ணுக்குக் கோடையும் குளிரும் தெரியாது, நகரத்தின் பெயருக்குத் தெரியும். எந்த ஞாயிறு கடிகாரம் நகர்கிறது என்ற விவரமெல்லாம் அந்தப் பெயருக்குப் பின்னால் கணினியில் பட்டியலாக இருக்கிறது.

நம் அழைப்பு யாருடைய நேரத்துக்குக் கட்டுப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாயிறு முழுவதும் ஓய்வு. உனக்கு எட்டு மணிக்குச் சின்னவளை நீச்சலுக்கு அழைத்துப் போக வேண்டும். ஆகவே அது உன் ஏழு மணி. புதிய நிகழ்வை எழுதும் கட்டளையில் தேதி, நேரம் இரண்டையும் அடுத்து உன் நகரத்தின் மண்டலப் பெயரைச் சேர்த்தேன், பிறகு 'கலாவுடன் பேச்சு' என்ற தலைப்பு, வாரந்தோறும் திரும்ப வர 'ரிபீட் வீக்லி'. இப்போது என் திரையில் குளிர்காலத்தில் பதினொன்றரை என்றும் கோடையில் பத்தரை என்றும் அதுவே மாறிக் காட்டுகிறது. உன் பக்கம் எப்போதும் ஏழு.

மாதந்தோறும் வருபவற்றுக்கு இன்னொரு எச்சரிக்கை. மாதக் கடைசியில் நான் கணக்கு அனுப்ப வேண்டும். 31ஆம் தேதியில் எழுதி 'மன்த்லி' என்று கொடுத்தேன். ஏப்ரலில் வரவில்லை, ஜூனிலும் வரவில்லை. இல்லாத தேதியை விட்டுவிட வேண்டும் என்பது தரத்தின் விதி. 30க்கு இறங்கி வராது. நிகழ்வின் கோப்பைத் திறந்து, திரும்ப வரும் விதியில் மாதத்தின் எந்த நாள் என்பதற்கு -1 என்று கையால் சேர்த்தேன். கடைசியிலிருந்து முதல் நாள் என்று பொருள். பிப்ரவரி உட்பட எல்லா மாதமும் சரியாக வருகிறது.

கோப்பைக் கையால் தொடும்போது தமிழில் எழுதுகிற நமக்கென்றே ஒரு சிக்கல் வரும். ஒரு நாள் 'தடுப்பூசி' என்ற சொல்லைக் கோப்புகளில் 'கிரெப்' கட்டளையால் தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் நான் எழுதியது உறுதி. திறந்து பார்த்தால், சொல்லின் பாதி ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் இருந்தது. ஒரு வரி 75 பைட்டை (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் அளவலகு) தாண்டக் கூடாது, தாண்டினால் மடித்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும் என்று ஐகேலண்டர் சொல்கிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. 'கி' என்று எழுதினால் மெய்க்கு மூன்றும் உயிர்க்குறிக்கு மூன்றுமாக 6. ஆக, தமிழ்த் தலைப்பு மூன்று நான்கு சொற்களிலேயே மடிந்துவிடுகிறது. அதனால் கோப்புகளில் தேடி ஒரு சொல் கிடைக்காவிட்டால், எழுதவே இல்லை என்று முடிவு செய்துவிடாதே. தமிழ்த் தலைப்பைச் சுருக்கமாக எழுதும் பழக்கமும் எனக்கு இதனால் வந்தது. நீண்ட விவரத்தை இரண்டு முக்காற்புள்ளிகளுக்குப் பின் விளக்கமாகத் தள்ளிவிடுகிறேன்.

'கால்' வேறு எந்தக் கருவியோடும் தானாகப் பேசாது. அந்த வேலைக்கு 'விடிர்சிங்கர்' இருக்கிறது. கணினியிலுள்ள ஃபோல்டர் ஒரு பக்கம், சர்வர் மறுபக்கம். இரண்டையும் ஒரு ஜோடி என்று அதன் அமைவுக் கோப்பில் எழுத வேண்டும். நாட்காட்டிகளைப் பரிமாறிக்கொள்வதற்கான கேல்டேவ் முறையில் பேசும் எந்தச் சர்வரும் சரி. நான் பழைய மடிக்கணினியில் 'ராடிகேல்' என்ற அத்தகைய சர்வரை நிறுவியிருக்கிறேன். கடவுச்சொல்லைக் கோப்பிலேயே எழுதி வைக்காதே. வேறொரு கட்டளையிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது, கடவுச்சொல் பெட்டகத்தை அங்கே கைகாட்டிவிடு. முதலில் நாட்காட்டிகளைக் கண்டறிய 'டிஸ்கவர்', பிறகு இரு பக்கத்தையும் ஒத்திசைக்க 'சிங்க்'. ஒரே நிகழ்வை இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால் யார் சொல்வது நிற்க வேண்டும் என்று நீயே எழுதாதவரை அது எதையும் மாற்றாமல் நின்று, உன்னிடம் சொல்லும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. வட்டு மாற்றிய அன்று ஃபோல்டர் காலியாக இருந்த நிலையிலேயே ஒத்திசைவை ஓட்டிவிட்டேன். மறுபக்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாமல், 'ஒரு பக்கம் முழுவதும் காலியாகிவிட்டது' என்று சொல்லி மறுத்துவிட்டது. அந்த மறுப்பினால்தான் ஆறு ஆண்டுப் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. எழுதியவர்களுக்கு மனதார நன்றி சொன்னேன்.

ஒத்திசைவு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் 'கிரான்' பட்டியலில் சேர்த்தேன். இரண்டு நாட்கள் எதுவுமே நடக்கவில்லை. நாம் டெர்மினலில் பயன்படுத்தும் பாதைகள் கிரானுக்குத் தெரியாது; கட்டளையின் முழுப் பாதையையும் எழுதிய பிறகுதான் ஓடியது. நீ முதலிலேயே எழுதிவிடு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 'கால்' மணி அடிக்காது. நினைவூட்டல் நேரத்தைக் கோப்பில் எழுதி வைக்கும், எழுப்பாது. அம்மாவின் கண் சொட்டு மருந்து போன்றவற்றுக்கு இதை மட்டும் நம்பாதே. என் ஃபோனில் 'டேவ்எக்ஸ்5' என்ற செயலி அதே சர்வரிலிருந்து நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறது, மணியை ஃபோன் அடிக்கிறது. காலையில் டெர்மினலைத் திறந்ததும் அன்றைய பட்டியல் தானாக வரும்படி டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தேநீரோடு அந்த நான்கைந்து வரிகளைப் படிப்பது எனக்குப் பழகிவிட்டது.

என் பக்கச் செய்தி அதிகமில்லை. மொழிபெயர்ப்பில் பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறேன். உன் பழைய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தேன். தேதியில்லாமல் நீ எழுதியவை பதினொன்று இருக்கின்றன. அவற்றின் ஆண்டை நீதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு நம் ஞாயிற்றுக்கிழமையின் கோப்பையும் அனுப்புகிறேன். நிறுவி முடித்ததும் 'கால் இம்போர்ட்' என்று கொடுத்து அந்தக் கோப்பின் பெயரை எழுது. எந்த நாட்காட்டியில் சேர்ப்பது என்று கேட்டால் மஞ்சளைத் தேர்ந்தெடு. பிறகு பட்டியலைப் பார், உன் திரையில் ஏழு மணி என்று வந்ததா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சுமதி