மரங்களோடு சேர்த்து மலைக்குடில்கள்: நமது ஒளிப்பட வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு படம் பிடிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ஆல்ப்ஸ் மலைகளில் மிஞ்சி நிற்கும் பழைய குடில்களை, அவற்றைச் சூழ்ந்த மரங்களோடு சேர்த்து எடுப்பது என்பதே அந்தப் பொருள். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கணக்கையும் சந்தாவையும் பொருளாளர் தம் அறிக்கையில் சொல்வார். என் பங்கை மலைக்கே ஒதுக்குகிறேன்.

நாம் அதிகம் போனது வாலஸ் குடிலுக்குத்தான். மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். பனிச்சறுக்கு ஊரான ஃபால்ஸ் கிரீக்கைத் தாண்டி ஓமியோ போகும் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் நடந்தால் போதும். போகாங் ஹை ப்ளெயின்ஸ் மேட்டுநிலத்தில் இன்று நிற்கும் மாட்டுக்காரர் குடில்களில் இதுவே மூத்தது. 1889இல் வாலஸ் சகோதரர்கள் மூவர் கட்டியது. கோடையில் மந்தையை மேலே ஓட்டி வருபவர்கள் தங்குவதற்கான இடம். பனிமலையில் வளரும் யூகலிப்டஸ் வகையான ஸ்னோ கம் மரத்தைப் பிளந்து எடுத்த பலகைகள்தான் சுவர். கூரைக்கு முதலில் போட்டவை வூலிபட் என்ற இன்னொரு யூகலிப்டஸ் மரத்துச் சில்லுகள். பிற்காலத்தில் தகரம் வந்தது. சுற்றிலும் முதிர்ந்த ஸ்னோ கம் மரங்கள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

அந்த மரங்கள் இல்லையென்றால் குடிலே அங்கு வந்திருக்காது என்பதை உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். வெட்டவெளியில் அடிக்கும் காற்றுக்கு ஒதுங்கத்தான் மரக்கூட்டத்தின் மறைவைத் தேடிக் கட்டினார்கள். சுவருக்கும் அடுப்புக்கும் அதே மரம்தான். ஆகவே கிளையைப் படத்தின் ஓரத்தில் அலங்காரமாகச் செருகுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. எந்த மரம் எந்தப் பக்கத்துக் காற்றைத் தடுக்கிறது, வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர், அங்கே நின்று சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: “தம்பி, மரத்தை விட்டுட்டு வீட்டை மட்டும் எடுத்தா, வேலியில்லாத வளவு மாதிரிக் கிடக்கும்.”

படமெடுப்பதில் எல்லோரையும் திணறடித்தது வெளிச்சம். நண்பகலில் தகரக் கூரை கண்ணைக் கூசவைக்கும். அதே நேரத்தில் பலகைச் சுவர் கறுத்து, பிளவுகளும் வரிகளும் மறைந்துபோகும். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தவர்களின் படங்களில் ஒன்று வெளுத்தது, மற்றது இருண்டது. மேகம் மூடிய காலையில் போனவர்களுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. மழை பெய்து ஓய்ந்த நேரம் இன்னும் சிறப்பு. ஸ்னோ கம் பட்டை காய்ந்திருக்கும்போது சாம்பலும் வெள்ளையுமாகத் தெரியும். நனைந்ததும் செம்பு நிறமும் பாசிப்பச்சையும் மஞ்சளும் நீளநீளப் பட்டைகளாக எழும்பி வரும். ஈரத்தின் பளபளப்பு அந்த நிறத்தை மறைப்பதால் பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரை லென்ஸ் முன் மாட்டிச் சற்றே திருப்பிப் பார்க்கச் சொன்னோம். செப்டம்பர் கூட்டத்தில் திரையிட்ட படங்களில் அதிகம் பேசப்பட்டவை அப்படி எடுத்தவையே.

லென்ஸ் பற்றிய விவாதம் ஆண்டு முழுக்க ஓடியது. 24 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸில் கிளைக்கு அடியில் நின்று எடுத்தால் மரம் பூதாகரமாகவும் குடில் தீப்பெட்டி அளவிலும் வந்துவிடுகிறது. பின்னால் நகர்ந்து 50 அல்லது 70இல் எடுக்கும்போதுதான் மரத்துக்கும் குடிலுக்கும் உண்மையில் உள்ள உறவு கிடைக்கிறது. லென்ஸின் துளையை எஃப்11 அளவுக்குச் சுருக்கிக் குடிலில் குவியத்தை நிறுத்தினால் முன்கிளையும் ஓரளவு தெளிவாக வரும். காற்றடித்தால் இலை நடுங்கும். அப்போது ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரை வேகமாக்கத் தயங்க வேண்டாம். இது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் தங்கள் படத்தோடு வந்து வாதிடுங்கள். வட்டத்துக்கு அது நல்லது.

அருகிலுள்ள கோப் குடில் 1929இல் பனிச்சறுக்குக்காரர்களுக்காகவே கட்டப்பட்டது. குளிர்காலத்தில் மேட்டுநிலச் சாலை மூடப்படுவதால், பனியில் சறுக்கத் தெரிந்த நம் இளைஞர்கள் சிலர் மட்டுமே அங்கு போய்வந்தார்கள். ஹவ்குவா ஆற்றங்கரையில் உள்ள ஃப்ரை குடிலின் முகமே வேறு. அங்கே முறுக்கு மரங்கள் இல்லை; உயர்ந்து நேராக நிற்கும் கம் மரங்கள். ஃப்ரெட் ஃப்ரை என்ற மலைவாசி 1930களின் பிற்பகுதியில் தம் கையால் கட்டி அதிலேயே வாழ்ந்தார். தூண்களின் காடியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிச் சுவராக்கும் அவருடைய வேலைப்பாட்டை அருகிலிருந்து எடுத்த படங்கள் நம்மிடம் போதவில்லை. வரும் ஆண்டில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கிரெய்க் குடிலைக் கண்காட்சியில் முன்னால் வைக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். அதன் பின்னணிக் காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது 1980களின் தொடக்கத்தில் ஒரு திரைப்படத்துக்காகப் போடப்பட்ட அரங்கு. 2006 டிசம்பர் காட்டுத்தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. மாட்டுக்காரர் குடில்களோடு அதைக் கலந்து வைத்தால் பார்ப்பவர் ஏமாறுவார். தனிச் சுவரில், இந்த வரலாற்றை எழுதி, வைப்பதென்று செயற்குழு முடிவு செய்தது.

இனி, மனதை அழுத்தும் செய்தி. 2003இலும் 2006–07இலும் 2019–20இலும் மூண்ட காட்டுத்தீயில் ஆஸ்திரேலிய ஆல்ப்ஸில் பல குடில்கள் சாம்பலாயின. ஸ்னோ கம் எரிந்தாலும் அடிக்கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். போகும் வழியெல்லாம் வெளுத்த பட்டமரங்களும் அவற்றின் காலடியில் பச்சைப் புதர்களுமாக நாம் பார்த்தது அதுதான். ஆனால் ஒரே மலை திரும்பத் திரும்ப எரிந்தால் துளிர்க்கும் வலுவும் குறைந்துவிடுகிறது. தீ போகாத இடத்தில் வேறொரு கேடு: பட்டைக்கு அடியில் ஒரு வண்டின் புழுக்கள் குறுக்காகத் துளைத்துத் தண்டைச் சுற்றி அறுத்துவிடுகின்றன. நூற்றாண்டு கடந்த மரங்கள் நின்றபடியே காய்கின்றன. வெப்பமும் வறட்சியும் மரத்தைத் தளர்த்துவது இந்தப் புழுக்களுக்குச் சாதகமாகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குடில் எரிந்தால் திரும்பக் கட்டலாம். 2003 தீக்குப் பிறகு விக்டோரியாவில் குடில்களைக் காக்கவென்றே தன்னார்வலர்கள் சங்கம் அமைத்து, ஆணியும் பலகையும் சுமந்து மலையேறுகிறார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் குடிலுக்கு நிழல் தரும் அந்த முதிய மரத்தை யார் திரும்பக் கட்டுவது? ஆகவேதான் இந்த ஆண்டு நடுப்பகுதியிலிருந்து வேலையின் போக்கை மாற்றினோம். ஒவ்வொரு குடிலுக்கும் சில நிலைப்புள்ளிகளைக் குறித்தோம். அதே இடம், அதே உயரம், அதே லென்ஸ். ஆண்டுதோறும் அங்கிருந்து ஒரு படம். எந்தக் கிளை போயிற்று, எந்தப் பலகை மாற்றப்பட்டது என்று பின்னால் வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பரிசு வாங்கும் படம் இல்லையே என்று சிலருக்கு வருத்தம். எனக்கோ, வட்டம் தொடங்கியது முதல் நாம் செய்த வேலைகளில் இதற்கு ஈடு எதுவும் தெரியவில்லை.

ஒழுங்கு குறித்தும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒரு குழுவினர் குடிலின் வாசல் தெரிவதற்காக ஒரு தாழ்ந்த கிளையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். கயிறு பட்டையை அறுத்து மரத்துக்குள் இறங்கியிருந்தது. அவிழ்த்துவிட்டோம், காயம் அப்படியே இருக்கிறது. நம் உறுப்பினர் எவரும் கிளையை ஒடிக்கவோ வளைத்துக் கட்டவோ கூடாது. பாசிச் சதுப்பில் ட்ரைபாடை ஊன்றக் கூடாது. அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவது தேசியப் பூங்காவில் சட்டவிரோதம். குடில்கள் பூட்டாமல் கிடப்பது புயலில் சிக்கியவர் உயிர் பிழைக்கத்தான். உள்ளே இருக்கும் விறகையும் பொருளையும் படத்துக்காக இடம் மாற்ற வேண்டாம்.

படக் குறிப்புகளில் மேலும் ஒரு திருத்தம் செய்தோம். மாட்டுக்காரர்கள் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே ஜெய்த்மதாங் உள்ளிட்ட முதற்குடி மக்கள் கோடைதோறும் உணவுக்காகப் போகாங் அந்துப்பூச்சிகளைத் தேடி இந்த மலைகளுக்கு ஏறிவந்தார்கள். ஆல்பைன் தேசியப் பூங்காவில் மேய்ச்சல் உரிமங்கள் 2005இல் முடிவுக்கு வந்தன. இரண்டையும் சொல்லாமல் குடிலின் கதையைச் சொல்ல முடியாது.

வண்டி ஓட்டியவர்களுக்கும், புளிச்சாதமும் சுக்குக்காப்பியும் கட்டித் தந்த குடும்பத்தினருக்கும், படங்களைத் தேதிவாரியாக அடுக்கிய இளைஞர்களுக்கும் செயற்குழுவின் நன்றி.

நிலைப்புள்ளிப் படங்களை நிரந்தரத் திட்டமாக்குவது, அவற்றின் பிரதிகளைக் குடில் பராமரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் தருவது, ஃப்ரை குடிலுக்கு இலையுதிர்காலத்தில் ஒரு பயணம் போவது ஆகிய மூன்றையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்