'பார்க்கிங்' மிகையான கதை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பார்க்கிங்' படத்துக்குத் தேசிய விருது கொடுத்தது பற்றி உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கார் நிறுத்துகிற இடத்துக்காக யாராவது கொலைவெறி வரை போவார்களா, நம்பும்படி இல்லை என்பது அவர் வாதம். பதினான்கு வருடம் ஒரே வாடகை வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்தவள் நான். போவார்கள் ஐயா. கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாடிக்கு 2019-ல் ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். அவர்கள் வீட்டுப் பால் பாக்கெட்டையும் நானே எடுத்து வைப்பேன். அடுத்த வருடத் தொடக்கத்தில் கார் வாங்கினார்கள். என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சுவரோரம் நின்றால் அந்தப் பையனால் கார்க் கதவைத் திறந்து இறங்க முடியாது. வீட்டு உரிமையாளரைக் கேட்டோம். எங்களிடம் "நீங்க பழைய ஆளு, எப்பவும் போல நிறுத்துங்க" என்றார். அவர்களிடம் "தாராளமா உள்ள விடுங்க" என்றிருக்கிறார். அதற்கப்புறம் போனையே எடுப்பதில்லை.

ஊரடங்கு வந்தது. வண்டியும் நகரவில்லை, மனிதர்களும் நகரவில்லை. காரில் ஒரு கீறல், ஸ்கூட்டரில் காற்று இல்லை, நான் போட்ட கோலத்தின் மேல் டயர் தடம். மோட்டார் சுவிட்சுக்குக்கூடச் சண்டை. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து வந்தால், என் வீட்டுக்காரர் தேங்காய் உரிக்கிற கடப்பாறையோடு வாசலில் நிற்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதிய மனிதர். என்னிடம்கூடக் குரலை உயர்த்தியவர் இல்லை. காலில் செருப்பு இல்லை, கை நடுங்குகிறது, "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். மாடிப்படியை மறித்து நான் உட்கார்ந்துவிட்டேன். மேலே சன்னலில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு நின்றாள். அவளும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. விடியும்வரை அவள் வீட்டு விளக்கு அணையவில்லை.

அதனால்தான் அந்தப் படம் எனக்குச் சினிமாவாகவே தெரியவில்லை. பெரிய செலவு எதுவும் கிடையாது. ஒரு வீடு, இரண்டு குடும்பம், ஒரு கார் நிற்கிற இடம். அதற்குள்ளேயே இயக்குநர் ராம்குமார் பாலகிருஷ்ணன் பிடித்துவிட்டார். சண்டை காருக்காக இல்லை. கட்டின மனைவியும் பெற்ற மகளும் பார்க்கும்போது தான் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக. செலவென்றாலே யோசிக்கிற பெரியவர், அந்த இடத்தைப் பிடிப்பதற்கென்றே ஒரு கார் வாங்கி வந்து நிறுத்துகிறாரே, அங்கே எம்.எஸ்.பாஸ்கரின் முகத்தைப் பாருங்கள். அப்புறம் அந்தப் பெரியவரும் இன்னொரு குடித்தனக்காரரும் மாறி மாறி அடுத்தவர் வேலைக்கே உலை வைக்கிறார்கள். சிறந்த துணை நடிகர் விருது பாஸ்கருக்குப் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரைக்கதைக்கான விருதும் தகும்.

என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பாதியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். கொல்லையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நானும் மேலே எதுவும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது. போடுகிறார்கள், சரி. வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுவரை எல்லாம் இருக்கும். வண்டி எங்கே நிற்கும் என்று ஒரு வரி இருக்காது. வீடு விடுகிறவர்கள் தயவுசெய்து அதையும் எழுதுங்கள். குடிவருகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். 2021-ல் வீடு மாறினபோது நான் கேட்டேன். புது உரிமையாளர் முதலில் சிரித்தார். பிறகு பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே அவரே எழுதினார்: "கிழக்குச் சுவரோரம், ஒரு ஸ்கூட்டர்."

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொளத்தூர், சென்னை–99