இடம்பெயர் கூலித் தொழிலாளர் முகாம்களைத் தொல்லியல் ஆய்வில் சேர்க்கக் கோரும் மனு

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தொல்லியல் துறை.

பொருள்: ஊர்ப்புறங்களில் வீடற்ற கூலித் தொழிலாளர்கள் தங்கிய இடங்களைப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடைக்கும் கால்வாய் வெட்டுவதற்கும் ரயில் பாதை வேலைக்கும் ஊர் ஊராகச் சென்று, வேலை முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்ட வீடற்ற தொழிலாளர்கள் தங்கிய இடங்கள், கள ஆய்வுப் படிவங்களில் 'அண்மைக்காலக் குப்பை' என்று எழுதி முடிக்கப்படுவதை, தன்னார்வலராக ஆய்வுகளில் பங்கேற்றுவரும் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அந்த வழக்கத்தை மாற்றக் கோரியே இம்மனு.

நிலமோ நிலையான முகவரியோ இல்லாத இவர்கள் நில ஆவணங்களில் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எளிதாக விடுபட்டுப் போனவர்கள். காவல் ஏட்டில் பெயர் ஏறியிருந்தாலும், அதை எழுதியவர் பிடித்தவரே. அவர்கள் தாமே விட்டுச்சென்ற சான்று, ஒரு சாண் ஆழம்கூட இல்லாத அடுப்புக்கரியும் தகர டப்பாக்களும்தாம்.

சென்ற ஆய்வில், ரயில் மேட்டின் சரிவில், கரியேறிய மூன்று கற்களுக்கு நடுவே ஒரு டப்பா கிடந்தது. விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளைகள். அவற்றில் கோத்த கம்பியே கைப்பிடி. அடியில் படிந்திருந்த கரியின் தடிமனைப் பார்த்தால், அது ஒரு நாள் சமைத்து எறிந்த பாத்திரம் அல்ல. அருகில் கிடந்த கண்ணாடிக் குப்பியின் அச்சுக்கோடு (வார்ப்பச்சின் பகுதிகள் சேருமிடத்தில் விழும் கோடு) வாய் விளிம்பின் உச்சிவரை ஏறியிருந்தது; அது இயந்திரத்தில் செய்த குப்பியின் அடையாளம். தானியங்கிக் குப்பி இயந்திரம் வந்தது 1903-ஐ ஒட்டித்தான் என்பதால், அக்குப்பி அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. படிவத்தில் இவ்வளவும் ஒரே சொல்லாயிற்று. அடுத்த முறை சென்றபோது மண் அள்ளும் இயந்திரம் சரிவையே வழித்திருந்தது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து லட்லோவில், நிறுவனக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் 1914 ஏப்ரல் 20 அன்று தாக்கப்பட்டு எரிந்தது. சில மாதங்களே நின்ற முகாம்தான். ஆயினும் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய அகழாய்வு, கூடாரங்களுக்கு அடியில் அவர்கள் தோண்டிய நிலவறைகளை வெளிக்கொணர்ந்தது. 2009-இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வீடற்றவர்களே சக ஆய்வாளர்களாக அகழாய்வில் இறங்கினர்.

எனவே, படிவத்தில் இத்தகைய முகாம்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கவும், மண் அள்ள அனுமதி தருமுன் நீர்நிலையோரங்களிலும், ஊர்க்கண்ணில் படாத மறைவுகளிலும், தொற்றி ஏறும்படி ரயில் வேகம் குறையும் ஏற்றங்களிலும் மேற்பரப்பு ஆய்வு நடத்தவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தண்ணீரும் மறைவும் உள்ள இடத்தை அன்று தேடியவர்களைப் போலவே இன்றும் சிலர் தேடி வருகிறார்கள். அவர்கள் தங்கியிருக்கும் இடமாயின், சம்மதமின்றிப் படமெடுக்கவோ துல்லியமான இருப்பிடத்தை வெளியிடவோ கூடாது என்பதையும், ஆய்வைக் காரணம் காட்டி எவரையும் வெளியேற்றக் கூடாது என்பதையும் அந்த ஆணையிலேயே சேர்க்கக் கோருகிறேன்.

டப்பா, குப்பி ஆகியவற்றின் ஒளிப்படங்களும் அளவுகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கள ஆய்வுத் தன்னார்வலர்