அந்த ரப்பர் விரிப்பை எடுத்துவிடாதீர்கள்: ஒரு நன்றி மடல்

சரக்குப் பரிசோதனைப் பிரிவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

பதவி உயர்வு ஆணை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையோடு இந்த முற்றத்தை விட்டுப் போகிறேன். வழியனுப்பு விழாவில் பேச எழுந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆகவே அறிவிப்புப் பலகைக்கு இதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுங்க வகைப்பாட்டு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலிக்கு 8713 என்ற தலைப்பு எண். என் கையிலிருந்த ஊன்றுகோலுக்கு 9021. ஊன்றுகோலுக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த துறைக்கு, அதை ஊன்றி வந்தவளை எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கோப்பு அறை கிடைத்தது. "உங்களுக்கு எதற்கம்மா வீண் அலைச்சல்?" என்றார் அப்போதைய மேலதிகாரி. கெட்டவர் அல்லர், அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறையில் என் நான்கு ஆண்டுகள் போயின. களப்பணி செய்யாதவருக்குப் பதவி உயர்வு எட்டாது என்பது அவருக்கும் தெரிந்ததுதான்.

அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. பெண் பயணியரைப் பெண் அதிகாரியே உடல்சோதனை செய்ய வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் அதையே சாக்காக்கி, பெண்கள் அத்தனை பேரையும் பயணியர் கூடத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். கன்டெய்னர் முற்றத்தில் இரவுப் பணி வேண்டும் என்று நீங்கள் மூன்று முறை மனு எழுதினீர்கள். பணி கிடைத்ததும், முற்றத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று நான்காவது மனு. உலகச் சுங்க அமைப்பு 2020 டிசம்பரில் பாலினச் சமத்துவம், பன்மைத்தன்மை பற்றி ஏற்றுக்கொண்ட பிரகடனத்தை அதில் இணைத்திருந்தீர்கள். கூடவே தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வரலாம் என்று கையால் வரைந்த படம் ஒன்று. வேலையை முடித்தது அந்தப் படம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. முதலில் கட்டிய சாய்தளம் புகைப்படத்துக்கு மட்டுமே ஏற்றதாக இருந்தது. அதில் ஏறினால் பின்னால் சாய்ந்து விழ வேண்டியதுதான். நீங்கள் குறை சொன்னவர்மீது எரிந்து விழவில்லை. நாடாவை எடுத்து அளந்தீர்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் இடித்துக் கட்டினீர்கள்.

கிடங்கு அண்ணனைப் பற்றி எழுதாவிட்டால் இந்த மடலே வீண். மேடைக்கும் கன்டெய்னருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். மற்றவர்கள் தாண்டிவிடுவார்கள். இரும்புத் தகடு போட்டார்கள். மழை நாளில் ஊன்றுகோல் அதில் வழுக்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தகட்டின்மேல் பழைய கன்வேயர் பட்டையிலிருந்து வெட்டிய ரப்பர், நான்கு மூலையிலும் திருகாணியோடு. "சரியாக இருக்கிறதா, மேடம்? ஊன்றிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு நின்றார். என்ன வேண்டும் என்று என்னையே கேட்ட முதல் ஆள் அவர். அன்று முதல் கன்டெய்னரின் கடைசிப் பெட்டிவரை நானே போய்ப் பார்த்தேன்.

கணினிப் பிரிவுத் தம்பிக்கும் நன்றி. பார்வையற்ற நம் மதிப்பீட்டாளருக்குத் திரைவாசிப்பு மென்பொருள் எல்லாவற்றையும் "பொத்தான், பொத்தான்" என்றே படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டிக் கொடுத்தீர்கள்.

நிர்வாகப் பிரிவினர் ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் வேலை உரிமையைச் சொல்லும் 27ஆம் பிரிவைச் சுட்டிக் குறிப்பு எழுதியதால்தான் பணியிட மாற்றங்களுக்கான செலவு அலுவலகக் கணக்கில் ஏறியது. அதுவரை திருகாணிக்குக்கூட அண்ணன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். செவித்திறன் இல்லாத புதிய பரிசோதகர் திங்கட்கிழமை சேருகிறார். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது ஒலி மட்டும் எழுகிறது; சுழல்விளக்கு எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை மாற்றிவிடுங்கள்.